இரண்டு ஊருக்கும் ஒரே ஆன்டெனா

ஆம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் மெட்ராஸ் வரும். மேற்கே திருப்பினால் பெங்களூர் வரும். பெங்களூரில் டி.வி. நிலையம் வந்த புதிது அது. எங்கள் ஊர் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால் இரண்டுமே வரும், இரண்டுமே சரியாக வராது. மலை மறைக்கும், மழை பெய்தால் போய்விடும், ஏன் என்றே தெரியாமலும் போய்விடும். ஆனாலும் எங்கள் சந்தில் டி.வி. இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான்.

அதை வாங்கி வந்தவன் அண்ணன். ஒரு டேனரியில் ஃபிட்டராக இருந்தான். தோல் ஊறுகிற பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்குமே, அவற்றின் பெல்ட், பேரிங் எல்லாம் அவன் பொறுப்பு. ஆன்டெனாவுக்கு நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, அதைவிடக் கொஞ்சம் பெரிய குழாய்க்குள் இறக்கி, கிரீஸ் தடவி, கையால் திருப்புகிற மாதிரி குறுக்கே ஒரு கம்பியையும் வைத்து வெல்டிங் செய்திருந்தான். மாடியின் மேற்கு மூலையில் அது நின்றது. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அப்பா கட்ட ஆரம்பித்த வீடு, அவர் போன பிறகு அப்படியே நின்றுவிட்டது. என் கல்யாணத்துக்கு முன்னால் சுவர் எழுப்பிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் மேலே. நான் கீழே, ஜன்னல் பக்கம் நின்று திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

"வருதா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"போய்டுச்சு. பழையபடி வை."

"இப்ப?"

"ஆங், வந்துடுச்சு. விடு."

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆரம்பப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவுக்கு டி.வி. பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெட்ராஸிலிருந்து தமிழ்ப் படம் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சரியாக, பைபிளை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு மாலை ஆராதனைக்குக் கிளம்பிவிடுவாள். போகும்போது, "உங்க ரெண்டு பேரையும் கர்த்தர் பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதில் பாதி கோபம் இருக்கும், பாதி உண்மையான வேண்டுதலும் இருக்கும்.

அவள் போனதும் சந்துப் பெண்கள் வந்து உட்கார்வார்கள். எல்லாருமே டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறவர்கள். ஆறு நாளும் ஈரத்தில் நின்று, சுண்ணாம்பில் கை வெந்து, ஏழாம் நாள் துவைத்து மெழுகி முடித்து, தலைக்குக் குளித்து, சோப்பு வாசனையோடும் ஒரு முழம் பூவோடும் வருவார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைத்தது அந்த மூன்று மணி நேரம்தான். இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் பலர் அந்தப் பெண்களைக் குறை சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அண்ணனுக்குப் படம் முக்கியமில்லை. அவன் ஃபுட்பால் ஆடியவன். டேனரி அணிக்கு கோல்கீப்பர். பாலாற்று மணலில்தான் பயிற்சி. அந்த அணியில் ரைட் விங்கில் ஏழாம் நம்பர் சட்டை போட்டு ஆடியவர்தான் அவனுடைய நெருங்கிய நண்பர். மசூதித் தெருக்காரர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'தோஸ்த்' என்றே கூப்பிட்டதால் எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அம்மாகூட, "தோஸ்த்துக்கு டீ குடு" என்பாள். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும்.

தோஸ்த்தின் ஓட்டத்தைப் பார்த்த யாரோ சொல்லி, பெங்களூரில் ஒரு கம்பெனி அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. வேலையும் அந்தக் கம்பெனியிலேயே. ரயிலேற்றிவிட்டு வந்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை. வருத்தமா சந்தோஷமா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்றான். அதன்பிறகு மாதம் ஒரு தபால் கார்டு வரும். பெங்களூர் குளிர், ஹாஸ்டல் சாப்பாடு, பூட்ஸ் புதுசு. அண்ணன் அதை டேனரிக்கும் எடுத்துப் போய் எல்லாருக்கும் படித்துக் காட்டுவான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு கார்டு வந்தது. பெங்களூரில் நடக்கிற ஒரு போட்டியில் தன் அணி கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது, அணிப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது, ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஊர் டி.வி.யில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று தோஸ்த் எழுதியிருந்தார். அண்ணன் அந்த வாரம் முழுக்க மாடியிலேயே இருந்தான். குழாயின் உயரத்தைக் கூட்டினான், பழைய ஒயரை மாற்றினான், எந்த இடத்தில் நிறுத்தினால் பெங்களூர் தெளிவாக வருகிறது என்று பார்த்து அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான்.

"நாலரைக்கு ஆரம்பிச்சா ஆறேகால் ஆறரைக்கு முடிஞ்சிடும்" என்றான் என்னிடம். "படம் அஞ்சே முக்காலுக்கு. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்தான் இடிக்குது. நீ சொல்லு அவங்ககிட்ட."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

அவனே சொன்னான். எதிர்வீட்டு அக்கா தோலில் மயிர் எடுக்கிற வேலை செய்கிறவள், சந்துக்கே அவள்தான் பேசுவாள். "தோஸ்த் தம்பி டி.வி.ல வருதா? அப்ப நாங்களும்தான் பார்ப்போம். ஆனா படத்த முழுசா முழுங்கிடாத, ஆமா" என்றாள். கடைசியில், படம் ஆரம்பிக்கும்வரை மேட்ச், பிறகு படம், மேட்ச் முடிகிற கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் திரும்பவும் பெங்களூர் என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு எல்லாரும் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். தோஸ்த்தின் தம்பிகள், டேனரி அணியில் ஆடியவர்கள், பெண்கள் என்று அறை நிறைந்து வாசல் வரை ஆட்கள். ஆனால் நாலரைக்கு மேட்ச் ஆரம்பிக்கவில்லை. பெங்களூரில் மைதானம் நனைந்திருந்ததாம். யாரோ பெரிய மனிதர் வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். ஆட்டம் ஆரம்பிக்க ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது.

படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. சத்தம் என்றால் ஒரே இரைச்சல், நடுவில் கன்னடத்தில் இரண்டு வார்த்தை கேட்கும், மறுபடி இரைச்சல். முகம் யாருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் வலப்பக்கம் ஒருவர் பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாகவே ஓடியபோது, முதுகில் ஏழு என்ற எண் ஒரு நொடி தெரிந்தது. அண்ணன் தரையிலிருந்து எழுந்துவிட்டான்.

"அவன்தான். பாரு, தோளு ஒரு பக்கமா சாயுது பாரு. அவன்தான்."

எல்லாரும் பார்த்தோம். எனக்கும் அது தோஸ்த் மாதிரியே இருந்தது. அந்த ஏழாம் நம்பர் இரண்டு பேரைத் தாண்டிப் போய், கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தை நடுவுக்குத் தூக்கி அடித்தார். தலையால் முட்டியவர் தவற விட்டார். கோல் ஆகவில்லை. ஆனாலும் அறையில் எல்லாரும் பெருமூச்சு விட்டோம். "மணல்ல இந்த மாதிரி எனக்கு எதிரா நூறு வாட்டி அடிச்சிருக்கான்" என்றான் அண்ணன். எதிர்வீட்டு அக்கா, "நம்ம சந்துல டீ குடிச்ச புள்ள" என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு இடைவேளைகூட ஆகவில்லை. சொன்ன சொல்லுக்காக அண்ணன் மாடிக்குப் போய் கிழக்கே திருப்பிவிட்டு வந்தான். ஆண்கள் எழுந்து போய்விட்டார்கள். பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பமானது.

அண்ணன் கதவோரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறரை தாண்டியதும் என்னிடம் மெதுவாக, "போய்த் திருப்பட்டா? இன்னும் கால் மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றான்.

அப்போது திரையில் ஒரு பாட்டு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் ஏற்கெனவே கொட்டகையில் பார்த்திருந்தேன். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.

"பாட்டு முடியட்டும்ணா. அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். பாட்டு முடிவதற்குள் வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தை நான் பாட்டின் நடுவிலேயே கேட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்ததும் அவன் எழுந்து போனான். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நான் ஜன்னலுக்குப் போனேன். திரையில் கதாநாயகியின் முகம் நெளிந்து, கோடு கோடாகி, பூச்சி பறந்தது.

"வருதா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்ணா. கொஞ்சம்."

பிறகு சட்டென்று, விளக்கு வெளிச்சத்தில் மைதானம் வந்தது. அன்று அதுவரை ஒரு தடவைகூட அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. புல் தெரிந்தது, கோடு தெரிந்தது, ஓடுகிறவர்களின் கால்கள் தெரிந்தன. "வந்துடுச்சு, விடு" என்று கத்தினேன். பதில் இல்லை. வீட்டின் பக்கவாட்டில், துவைக்கிற கல் இருக்கிற பக்கம், ஏதோ மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடியும், "வந்துடுச்சுண்ணா" என்றேன்.

முதலில் ஓடியது எதிர்வீட்டு அக்காதான்.

அவனுக்கு நினைவு இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. "கால் எங்கன்னு தெரியல" என்றான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. டேனரி ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். பலகையில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஆலயத்திலிருந்து அம்மா வந்து சேர்ந்தபோது ஜீப் கிளம்பிவிட்டது. வீட்டில் இரண்டு மூன்று பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார்களாம். டி.வி.யை நிறுத்தத் தெரியாததால் அது ஓடிக்கொண்டே இருந்ததாம். யாரோ கோப்பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா பின்னால் சொன்னாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் இருந்தோம். முதுகெலும்பு உடைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே திரும்ப வராது என்பதை டாக்டரம்மா ஒருத்தர் எங்களை உட்காரவைத்து, பொறுமையாக, இரண்டு தடவை சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஃபுட்பால் ஆடுறவன்ங்க அவன்" என்றாள், அவருக்கு விஷயம் தெரியாது என்பதுபோல. டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டைப் பற்றி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வார்டு வராந்தாவில் துணி காயப்போடும்போது சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு முடித்த பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. அவன்கிட்டயும் சொல்லாத. ஜெபத்துல சொல்லு, போதும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாம் நாள் தோஸ்த் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தோளில் அணியின் பெயர் போட்ட பை. கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன்தான் பேச ஆரம்பித்தான்.

"வாடா. உன் பாஸைப் பார்த்தேன். அந்த ஹெட்டு போட்டவன் மட்டும் சரியா போட்டிருந்தா கோல். இன்னா ஆளுடா அவன்?"

அண்ணன் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனான். எப்படி ஓடினான், எப்படி இரண்டு பேரைத் தாண்டினான், சந்தே எப்படிப் பார்த்தது. ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள் என்பது அவனுக்குப் பேப்பர் பார்த்துத் தெரியும். "தோத்தா இன்னா. நீ ஆடினத நான் பார்த்தேன் இல்ல, அது போதும்" என்றான். தோஸ்த் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

திரும்பும்போது வழியனுப்ப வராந்தா வரை போனேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"தங்கச்சி, நான் ஆடல."

எனக்குப் புரியவில்லை.

"மேட்ச்ல என்னை எறக்கவே இல்ல. லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, அவ்ளோதான். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தேன். அவன் பார்த்தது வேற யாரையோ." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நான் அந்தக் கார்டைப் போட்டிருக்கக் கூடாது" என்றார். "இப்ப உள்ள போய்ச் சொல்லட்டுமா? நீ சொல்றதுதான்."

"வேணாம்ணா" என்றேன். "இப்ப வேணாம்."

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அதை மறைத்தோம். இப்போது வேண்டாம் என்று நினைத்தது எப்போதும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அண்ணனோ வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த ஓட்டத்தைச் சொன்னான். போதகரிடம் சொன்னான், கேஸ் அடுப்புக்காரரிடம் சொன்னான். சொல்லும்போது கையால் பந்தின் வழியைக் காட்டுவான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. இரண்டு பேரைத் தாண்டியது மூன்று பேர் ஆனது. தோஸ்த் வருவது குறைந்துகொண்டே போனது. முதலில் மாதம் ஒரு முறை வந்தார், பிறகு பண்டிகைக்கு வந்தார், பிறகு கார்டு மட்டும் வந்தது. "அவனுக்கு அங்க பிராக்டீஸ் ஜாஸ்தி" என்று அண்ணனே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ரேடியோ, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ரிப்பேர் செய்தான். கை வேலைக்காரன், அதனால் வீட்டைத் தேடி ஆட்கள் வந்தார்கள். படுக்கைப் புண் மட்டும் வந்து வந்து போகும். காலையில் பள்ளிக்குப் போகும் முன்னால் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை, நான்தான் கழுவிக் கட்டுவேன். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. என் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று இடத்தில் வந்து, வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அல்லது நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

இதற்குள் எங்கள் பக்கத்திலேயே ரிலே நிலையம் வந்துவிட்டது. சின்ன ஆன்டெனா போதும், திருப்ப வேண்டியதில்லை. அந்தப் பழைய குழாயை யாரையோ கூப்பிட்டு அம்மா இறக்கிவிட்டாள். ஒரே நிலையம், அவர்கள் என்ன காட்டுகிறார்களோ அதுதான். அதற்காக நேரம் இடிப்பது நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்துக்காகப் பெண்கள் குளித்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். லண்டனில் டென்னிஸ் நடக்கும், அல்லது எங்கேயோ கிரிக்கெட் முடியாமல் இழுக்கும். படம் தள்ளிப்போகும். திட்ட ஆள் இல்லாததால் பெண்கள் பெட்டியையே திட்டுவார்கள்.

ஆனி மாதத்தில் அப்படி ஒரு ஞாயிறு. டென்னிஸ் போய்க்கொண்டே இருந்தது. படம் எப்போது என்று அவர்களும் சொல்லவில்லை. சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், "இன்னா இது, ரெண்டு பேரு மாத்தி மாத்தி அடிச்சிக்கிட்டே இருக்கானுங்க" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ஆட்டமா. ஃபுட்பால் பார்த்திருக்கியாம்மா நீ? என் தோஸ்த் ஒருத்தன்" என்று ஆரம்பித்தான்.

அன்று காலையில் அவன் புண்ணில் சீழ் பார்த்திருந்தேன். முந்தின நாள் ராத்திரி தூங்கவில்லை. அவன் மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கையைத் தூக்கிக் காட்டினபோது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"அவர் ஆடவே இல்லண்ணா. வெளியதான் உக்காந்திருந்தார். நீ பார்த்தது வேற யாரையோ. ஆஸ்பத்திரிலயே என்கிட்ட சொல்லிட்டார்."

பெண்கள் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் பந்து போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அண்ணனின் கை அப்படியே கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ஏழாம் நம்பர் யாரு?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது."

அவன் தலையாட்டினான். "நல்ல ஆட்டக்காரன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அன்று படம் வந்தபோது ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பாதிப் பேர் சமையலுக்குப் போய்விட்டார்கள். நான் சமையலறையில் அரிசியைக் களைந்தபடியே நின்றேன். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது, இருந்தும் களைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் ஒரு கார்டு வாங்கி வரச் சொன்னான். ஒரே ஒரு வரி எழுதினான். "எனக்குத் தெரியும். வா." என்னிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொன்னான், நான் படிப்பேன் என்று தெரிந்தே.

தோஸ்த் அந்த வாரமே வந்தார். நான் டீ வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தோஸ்த் அழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்கவில்லை. டீ ஆறிப்போய் இரண்டாம் முறை சுட வைத்தேன். சாயங்காலம்தான் தோஸ்த் கிளம்பினார். அவர் போன பிறகு அண்ணன், "பாவம், நாலு வருஷமா எங்கிட்ட வரவே பயந்துட்டு இருந்திருக்கான்" என்றான். "இதுக்கு நான்தான் காரணம். ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றேன்.

"தெரியும்."

அப்போதாவது அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவன் முகம் அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாக இருந்தது. நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதன்பிறகு அவன் யாரிடமும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. யாராவது விவரம் தெரியாமல், "அந்தப் பாஸைச் சொல்லுப்பா" என்றால், "அன்னிக்குப் படம் சரியா தெரியல" என்பான். தினமும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கதைதான். வீட்டில் அது நின்றுபோனதும், சாயங்காலம் என்பதே நீளமாகிவிட்டது. அவனிடம் இருந்த ஒன்றை நான் எடுத்துவிட்டேன், அதற்குப் பதிலாக என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. தோஸ்த் மட்டும் மாதா மாதம் வர ஆரம்பித்தார். இரண்டு பேரும் டேனரி அணி ஆடிய பழைய ஆட்டங்களைப் பேசுவார்கள். யார் எங்கே நின்றார்கள் என்று சண்டை போடுவார்கள். தோஸ்த் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார் என்பது அப்படிப் பேசும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கார்த்திகையில் அண்ணனுக்கு ஜுரம் வந்தது. சிறுநீரகத்தில் பழுது என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம். முன்பு இருந்த அதே வார்டில் அவனை நினைவு வைத்திருந்த ஒரு சிஸ்டர் இருந்தார். பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் விடிந்ததும், அம்மா அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டான். முப்பத்து மூன்று வயது.

கல்லறையில் பெட்டியை இறக்கியவர்களில் தோஸ்த்தும் ஒருவர். போதகர் ஜெபம் செய்தபோது தொப்பியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். முடிந்ததும் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார். அம்மா அவரிடம் போய், "நீ வர்றத நிறுத்திடாதப்பா" என்றாள். "வர்றேம்மா" என்றார். வரவும் செய்தார், அம்மா இருந்தவரை.

இரண்டு ஞாயிறு சந்துப் பெண்கள் யாரும் வரவில்லை. டி.வி.யின் மேல் அம்மா ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள். மூன்றாம் ஞாயிறு எதிர்வீட்டு அக்கா மட்டும் வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த வேர்க்கடலை. கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். டி.வி.யைப் போடச் சொல்லவில்லை. நானும் போடட்டுமா என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் கடலையை உரித்துக்கொண்டு அம்மா ஆராதனையிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.